துடைக்காத பெயர்

சீசன் முடிந்து பதினெட்டு நாள்.
பெரியமேட்டில் தோல்கடைக்கு மேல்மாடி.
கத்திரி வெயில்; ஏசியில் சத்தம் மட்டும் வருகிறது.

முதல் தேவை உயரம், என்கிறார் ஜெபராஜ் கோச்.
லூதியானாவில் ஒருவன் இருக்கிறானாம்,
ஆறடி ஒன்பதங்குலம்.
அவன் கேட்கும் தொகைக்கு
இங்கே இரண்டு பேர் போகவேண்டும்.
பொருளாளர் நான், மறுபடி கூட்டுகிறேன்:
மூன்று பேர்.

டெல்வினின் முழங்கால் எக்ஸ்ரே
ஜன்னல் கம்பியில் செருகியிருக்கிறது.
இரண்டு எலும்புகளுக்கு நடுவே
பூந்தமல்லி நெடுஞ்சாலை போகிறது,
ஒரு 15பி ஊர்கிறது.
காத்திருக்கலாம் என்கிறார் ஒருவர்.
எதுவரை என்று யாரும் கேட்கவில்லை.

டஸ்டரை எடுக்கிறேன்.
நிஜாமுதீன் ஒரே இழுப்பில் போய்விட்டான்.
ரோஷன் குமார், அரை இழுப்பு.
இளம்பரிதி மட்டும் அசையவில்லை.

எந்த மடையன்யா
பெர்மனென்ட் மார்க்கரில் எழுதினது?

நான்தான்.
கடைசி விநாடியில் இரண்டு ஃப்ரீத்ரோவும் அவன் போட்ட ராத்திரி
கைக்குக் கிடைத்ததை எடுத்து எழுதினேன்.
இப்போது சொல்லவில்லை.

ஸ்பிரிட் தேய்த்தோம். தேங்காயெண்ணெய் தேய்த்தோம்.
நேரமாகிறது என்று கோச்
லூதியானாக்காரனின் காந்த வில்லையை
அதன்மேலேயே ஒட்டினார்.

இந்தப் பக்கம் 'இள',
அந்தப் பக்கம் 'தி'.