அரை மணிக்கு ஒருமுறை

நூற்று எண்பத்தொரு விதிகள்.
விதிக்கு ஒரு கோப்பு, கோப்புக்கு மூன்று சான்று:
எழுதி வைத்திருக்கிறோம்,
சொல்லிக் கொடுத்திருக்கிறோம்,
செய்திருக்கிறோம்.
மூன்றாவதுதான் எப்போதும் இளைத்துக் கிடக்கும்.

மிச்சிகனின் வடகோடியில்
பதினேழு பேர் கொண்ட காவல் துறை.
அதற்கு அங்கீகாரம் வாங்கும் வேலை
சார்ஜென்ட் வெர்னா லெசாருக்கு.
கீழ்த்தளம், கொதிகலனுக்குப் பக்கத்தில் மேஜை.
ஜன்னலில் ஏரி தெரியாது,
பனி வாரும் வண்டியின் ஒரு சக்கரம் தெரியும்.
காகித ராணி என்பார்கள் ரோந்துக்காரர்கள்
அவள் காதில் விழும்படியாகவே.

ரேடார் கருவியைக் கடைசியாகச் சோதித்தது எப்போது,
பறிமுதல் அறைச் சாவி யார் யாரிடம்
என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.
துப்பாக்கியை உருவி
சுடாமல் திரும்பிய இரவுக்கும் ஒரு பக்கம் வேண்டும்.
"சுடவே இல்லையே, எதை எழுத?"
"சுடாததை."

மதிப்பீட்டாளர்கள் வர ஆறு வாரம் இருக்க
மாதிரித் தாள் பொறுக்க உட்கார்ந்தாள்.
அடைத்து வைத்தவரை
அரை மணிக்கு ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும்:
பிப்ரவரி பதினொன்று, கோர்பெலாவின் கையெழுத்து.
2:00, 2:30, 3:00, 3:30, 4:00.
ஒரே சாய்வு, ஒரே அழுத்தம்,
ஒரே மூச்சில் போட்ட ஐந்து.
ரேடியோப் பதிவேட்டைப் புரட்டினாள்.
இரண்டே முக்காலிலிருந்து நாலேகால் வரை
கோர்பெலா நின்றது நெடுஞ்சாலையில்,
கவிழ்ந்த மர லாரிக்குப் பக்கத்தில்.
அன்றிரவு ஊருக்கே இரண்டு பேர்;
இருவரும் அங்கே.

அறைக்குள் இருந்தவர் ஆரின் டெஸ்கி.
குடித்திருந்தார், தூங்கினார்.
காலையில் எழுந்து பான்கேக் கிடைக்குமா என்றார்.
ஒன்றும் நடக்கவில்லை.

"ஜனவரித் தாள் சுத்தமாக இருக்கிறதே,
அதை வையேன்" என்றார் தலைமை அதிகாரி.
கெட்ட மனிதர் இல்லை. களைத்திருந்தார்.

அன்று மாலை வீட்டுக்குப் போகாமல்
காலி அறைக்குள் போய்
கதவைச் சாத்திக்கொண்டு
கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.
ஒரு மூச்சு நின்றுபோக நாலு நிமிடம் போதும்.
முப்பதில் எத்தனை நாலு என்று எண்ண ஆரம்பித்து
நிறுத்திக்கொண்டாள்.
சிமெண்டுக் கட்டிலின் குளிர் முதுகில் ஏறியது.

பிப்ரவரியைத்தான் வைத்தாள்.
கூடவே
கோர்பெலாவுக்கு இரண்டு நாள் சம்பளமில்லா விலக்கு,
இரவுக்கு மூன்றாவது ஆள் கேட்டு நகரசபைக்குக் கடிதம்,
நகரசபை இரண்டு முறை மறுத்த பதில்கள்,
மூன்றாம் முறை ஒப்புக்கொண்ட ஒற்றை வரி.

நவம்பரில் வந்த மூவரில்
ஜார்ஜியாக்காரர் லூசியஸ் பெட்டிவே
கோட்டைக் கழற்றவே இல்லை.
பறிமுதல் அறையில் கண்ணை மூடி
பன்னிரண்டு உறைகளைத் தொட்டார்,
பன்னிரண்டும் இருந்தன.
பொதுமக்கள் பேச எண் கொடுத்த மாலையில்
இரண்டே அழைப்பு:
ஒன்று குரைக்கும் நாயைப் பற்றி.
மற்றது டெஸ்கியின் தங்கை,
பெயரைச் சொல்லிவிட்டு
வைத்துவிட்டாள்.

பிப்ரவரித் தாளில் பெட்டிவேயின் விரல் நின்றது.
"இதைவிட நல்லது இருந்திருக்குமே?"
"இருந்தது" என்றாள் வெர்னா.
அவர் ஏதோ குறித்துக்கொண்டார்.
என்னவென்று காட்டவில்லை.

மார்ச்சில் அங்கீகாரம் வந்தது,
ஒரு குறிப்போடு:
இந்த விதியில் ஆண்டுதோறும் தனி அறிக்கை தரவும்.
சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள்.
பக்கத்துக் கதவை அறைந்து சாத்தும்போதெல்லாம்
அது கொஞ்சம் சாயும்.
கோர்பெலா அவளோடு பேசுவதில்லை.
ஏட்டுச் சுரைக்காயை அறுத்துப் பார்ப்பவளை
யாருக்குப் பிடிக்கும்.

ஆனால் ஏப்ரல் தாள் வந்திருக்கிறது:
2:04. 2:29. 2:58.
ஒன்றும் முழு எண் இல்லை.
அடுத்த கட்டத்தில் நேரம் இல்லை,
கோணல் எழுத்தில் ஒரு வரி:
போக முடியவில்லை, மூன்றாவது ஆள் லீவு,
மான் மோதிய கார்.

மூன்று துளை போட்டு
கோப்பில் கோத்தாள்.
இன்னும் மூன்று வருடம், ஏழு மாதம்.