யாருடைய புள்ளி

சவுத் பிரிட்ஜ் சாலை, மூன்றாம் மாடி, காப்பீட்டு அலுவலகம்.
ஏர்கான் ஒழுகும் இடத்தில் ஒரு வாளி.
வாக்குமூலத்தின் ஆங்கிலப் பிரதியில்
பத்தி ஏழு, நான்காம் வரி:
மேற்கோள் குறி மூடுவதற்கு முன்பே
முற்றுப்புள்ளி.

வெளியே வரவேண்டும் என்றேன்.
மிஸ் கோ கோப்பி-ஓவைக் கீழே வைத்தார்.
சிகாகோ தலைமையகத்தின் கையேட்டில்
காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும்
எப்போதும் உள்ளேதானாம்.
நான் உயர்நிலை இரண்டில் படித்தது வேறு:
சொன்னவர் நிறுத்தியிருந்தால் உள்ளே,
எழுதுகிறவர் நிறுத்தினால் வெளியே.
"உள்ளே இருந்தால்தான் பார்க்க அழகு" என்றார்.

அழகுதான்.
ஆனால் பாலகுரு அங்கே நிறுத்தவில்லை.
பக்கத்தில் இருந்தவள் நான்.
இடது கையில் மூன்று விரலுக்குக் கட்டு.
"ஃபோர்மன்கிட்ட அப்பவே சொன்னேன்,
கயிறு நைஞ்சிருக்குன்னு, அதுக்கு அவரு"
வரை வந்தவன்
சன்னலுக்கு வெளியே பார்த்தான்.
கோபுரத்தில் ஒருவர் இடுப்பில் கயிறு கட்டி
பொம்மைகளுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார்.
பிறகு பாலகுரு தண்ணீர் கேட்டான்.

'அதுக்கு அவரு' பிரதியில் இல்லை.
முழுமையற்ற வாக்கியம் என்று போய்விட்டது.
அது இருந்த இடத்தில்தான் இந்தப் புள்ளி.

தமிழுக்கு இந்தத் தொல்லை கிடையாது.
ஒரு 'என்று' போதும், கதவைச் சாத்திவிடும்.
பேச்சில் அதுவும் 'ன்னு' ஆகி
சொன்னவன் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும்.
நம் புள்ளி எழுத்தின் தலைமேல் உட்காரும்,
உயிரை எடுத்துவிட்டு
மெய்யை விட்டுவைக்கும்.
இதுவோ வரியின் காலடியில் கிடக்கிறது
எதை எடுத்தது என்று சொல்லாமல்.

ஐந்தரைக்குக் கையெழுத்துப் போட வந்தான்.
வலது கை நல்லவேளை தப்பியிருந்தது.
வாசித்து விளக்கினேன்.
மேற்கோள் குறிகளைத் தொட்டுப் பார்த்து
"இது என்னக்கா, கொசுவா?"
நீ பேசினதுக்கு வேலி, என்றேன்.
விரல் வேலியோரமாக நகர்ந்து
உட்பக்கம் கடைசியில் நின்றது.
"இந்தப் புள்ளி, நான் வச்சதா?"

என்ன கேட்கிறான் என்றார் மிஸ் கோ.

மொழிபெயர்க்கத்தான் எனக்குச் சம்பளம்.
பிரதியின் ஓரத்தில் பென்சிலால்
அவன் கேட்டதை ஆங்கிலத்தில் எழுதினேன்,
கேள்விக்குறியை
மேற்கோளுக்கு உள்ளே வைத்து.
அதில் சிகாகோவுக்கும் எனக்கும்
தகராறு இல்லை.