எண்பத்து நான்கு

ஞாயிறு காலை ஐந்தரை.
தண்ணீர்மலையைத் தாண்டி மூன் கேட்டில்
நால்வரும் பைகளைத் தூக்கிப் பார்த்துக்கொள்கிறோம்.
என்னுடையதில் ஒன்பது லிட்டர் தண்ணீர்.
குணாளனுடையதில் பதினைந்து கிலோ அரிசி.
யாருக்குப் பொங்கப் போகிறாய் என்று
கேட்டுக் கேட்டு அஸ்ரில் ஓய்ந்துவிட்டான்.

எங்கள் மலை எண்ணூற்றுச் சொச்சம் மீட்டர்.
அதில் வியர்த்துக்கொண்டுதான்
ஆறாயிரத்தைப் பற்றிப் பேசுகிறோம்.

பாதி வழியில் ஒரு நிறுத்தம்,
எண்பத்து நான்கு என்று பெயர்.
ஏன் என்று தெரிந்தவர் எங்களோடு ஏறியதில்லை.
சூடான தே ஓ, ஈர மேசை.
சியூ பிங் அதன்மேல் பட்டியலை விரிக்கிறாள்:
மேரா, இம்ஜா ட்சே, எல்புருஸ், கிளிமஞ்சாரோ.
டாலர் ஏறும்போதெல்லாம்
அடித்து அடித்துத் திருத்திய விலைகள்.

அவளுக்கு ஆறில் தொடங்க வேண்டும்.
ஐந்தாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றைந்து
கடையில் ஒட்டிய தள்ளுபடி விலை மாதிரி இருக்கிறதாம்.
எல்புருஸ் போகலாம் என்கிறான் குணாளன்,
பனிவண்டி பாதி தூரம் ஏற்றிவிடும்.
அதற்கு இங்கேயே ரயிலில் வந்திருக்கலாமே,
இது அஸ்ரில்.
அவனுக்குப் பன்னிரண்டு நாள்தான் விடுப்பு,
இரண்டு நாளைக் கடனாக வாங்கியிருக்கிறான்.

நான் ஒவ்வொரு பெயருக்கும் ஒன்றையே கேட்கிறேன்:
இறங்க எவ்வளவு நேரம்?

ஏறவே இல்லை, அதற்குள் இறக்கமா
என்கிறான் குணாளன்.
மேராவிலிருந்து திரும்பும் வழியில்
இன்னொரு கணவாய் குறுக்கே நிற்கிறது,
அதையும் ஏறித்தான் வீடு.
மூச்சு முட்டுகிறவனிடம்
இன்னும் கொஞ்சம் ஏறு என்று சொல்ல
எனக்கு வாய் வராது.

நெஞ்சக வார்டில் எனக்கு இரவு வேலை.
விரல் நுனியைக் கவ்வும் சின்னக் கருவி,
சிவப்பாக ஒரு எண்.
தொண்ணூற்றாறு என்றால் போர்வையை இழுத்துவிடுவேன்.
தொண்ணூறு என்றால் தலைமாட்டை உயர்த்துவேன்.
எண்பத்து நான்கு என்றால் ஓடுவேன்.

போன வெள்ளி இரவு
பதினொன்றாம் படுக்கையில் அந்த எண்.
ரத்னவேலு, வெல்டிங் பட்டறை, நாற்பத்தாறு வயது.
முகமூடியை மாட்டும்போது கையைப் பிடித்தார்.
மலை ஏற வெளிநாடு போறியாமே தங்கச்சி,
காசு குடுத்தா
மூச்சு வாங்கப் போற?
சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.
அந்தச் சிரிப்புக்கு இரண்டு புள்ளி செலவு:
எண்பத்திரண்டு.

ஐயாயிரத்துக்கு மேலே
கூடாரத்தில் அதே கருவியை மாட்டிக்கொள்வோம்.
எண்பத்து நான்கு வந்தால்
நல்ல உடம்பு என்பார் வழிகாட்டி,
சூப் ஊற்றிக் கொடுப்பார்.
இதை இந்த மேசையில் எப்படிச் சொல்வது.
ரொட்டி வந்துவிட்டது.

கிளிமஞ்சாரோ என்றேன்.
உச்சியைத் தொட்ட அன்றே
மூவாயிரம் வரைக்கும் இறங்கிவிடலாம்.
அஸ்ரில் கை தூக்கினான்.
குணாளன் ரொட்டிக் கையைத் தூக்கினான்.
சியூ பிங் தாளைத் திருப்பிப் போட்டு
அடுத்த வருசம் என்று எழுதி
அதன் கீழே மேராவை எழுதினாள்,
பெரிதாக.

இறங்கும்போது குணாளனின் அரிசிப் பை கிழிந்தது.
வளைவு வளைவாகச் சிந்திக்கொண்டே வந்தான்,
பின்னால் குரங்குகள்.

திங்கள் இரவு ரத்னவேலுவுக்கு விழிப்பு.
எந்த மலை என்றார், சொன்னேன்.
எப்ப என்றார்.
ஆகஸ்ட்.
தன் விரலில் இருந்ததைக் கழற்றி
என் விரலில் மாட்டினார்.
சிவப்பு கொஞ்சம் யோசித்து
தொண்ணூற்றொன்பது காட்டியது.
அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.
இவ்வளவு வெச்சிருக்கியே
என்றார்.