மூண்டு விசில்

பர்கூர் தாண்டிக் கல்குவாரி.
நாலு மணி வெடிக்கு முன்னம்
மூண்டு விசில் ஊதுவாங்கள்,
சிவப்புத் துணி காட்டுவாங்கள்,
ஆடு மேய்க்கிற பெட்டையையும் கூப்பிட்டு
அங்கால நிப்பாட்டுவாங்கள்.

வெடிக்க முன்னம் சொல்லுற நாடு.
முதல் நாள்
கல்லுக்குப் பின்னால போய் அழுதன்.

"இதுக்கு முன்னாடி என்ன வேலைங்க?"
மேஸ்திரி மாதப்பன்.
மீன்பிடி எண்டன்.
வயர் முறுக்கின என்ர விரலைப்
பார்த்துக்கொண்டே நிண்டார்.
பிறகு ஒண்டும் கேக்கேல்லை.
தூக்குவாளிக் களியில
பாதியைப் பிச்சுத் தந்தார்.

பாம்பாறு முகாம் பதிவிலையும் மீன்பிடிதான்.
அணையில ஒரு கெண்டையும்
நான் பிடிச்சதில்லை.

நேற்று பஸ் தப்பிப்போச்சு.
கொள்ளுக் காட்டுக்குள்ளால
குறுக்க நடந்து வந்தன்.
பாதி தூரம் வந்த பிறகுதான் தெரிஞ்சது,
நான்
நிலத்தைப் பாக்கவேயில்லை.