பழுப்பு, கறுப்பு, இன்னொன்று

நூற்றுப் பதினேழு உறுப்புகள் என்றது பட்டியல்.
எண்ணினேன், நூற்றுப் பதினாறு.
மறுபடி எண்ணினேன், நூற்றுப் பதினெட்டு.
சாப்பாட்டு மேசையில் நாளிதழை விரித்து
கோமளாவிடம் முட்டை அட்டை கேட்டு வாங்கி
குழிக்கு ஒரு வகையாகப் பிரித்துப் போட்டேன்.
வால்வுகள் இரண்டையும் பஞ்சோடு எடுத்து
மகள் கை எட்டாத அலமாரியில் வைத்தேன்,
அரிசிப் பைக்கும் பேரீச்சம்பழ டப்பாவுக்கும் நடுவே.

மின்தடைகளுக்கு வயிற்றில் வண்ண வளையங்கள்.
பழுப்பு கறுப்பு சிவப்பு என்றால் ஆயிரம்,
பழுப்பு கறுப்பு பழுப்பு என்றால் நூறு
என்கிறது கையேடு.
எனக்குப் பழுப்பு, கறுப்பு,
அப்புறம் ஏதோ ஒன்று.

பதினெட்டு வயதில் ராணுவ மருத்துவர்
புள்ளிகள் நிறைந்த புத்தகத்தைத் திருப்பி
என்ன எண் தெரிகிறது என்றார்.
எண்ணா, எங்கே என்றேன்.
இரண்டு வருடம் கிடங்கில் காலணி எண்ணினேன்.
அதன்பின் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
கல்யாணத்துக்குக் கூறைப்புடவை எடுத்த அன்று
காட்டியதெல்லாம் நன்றாக இருக்கிறது என்றேன்.
மாப்பிள்ளைக்குப் பெருந்தன்மை என்றார்கள்.

சிம் லிம் டவரில் மல்டிமீட்டர் கேட்டேன்.
சிவப்பா பச்சையா என்றார் கடைக்காரர் கோ.
மலிவானது எது என்றேன்.
அன்றிரவு ஒவ்வொன்றாக முனையில் பிடித்தேன்.
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று இரண்டு.
தொண்ணூற்றொன்பது புள்ளி ஆறு.
எண்ணாகவே பேசுகிற உலகம்
எவ்வளவு மரியாதையாக இருக்கிறது.

முதல் பற்று, எச்சில் துப்பியது போல.
ஐந்தாவதில் பக்கத்துக் கால்களும் சேர்ந்து ஒட்டிக்கொண்டன.
பத்தாவதில் என் கட்டைவிரல்.
புகை நடைவழிக்குப் போய்
அடுத்த வீட்டு ரோஸ்னானி கதவைத் தட்டினார்,
அடுப்பில் ஏதாவது கருகுகிறதா என்று.
முப்பதுக்கு மேல்தான் ஈயம்
மூக்குத்தி மாதிரி உட்காரத் தொடங்கியது.

மின்தேக்கியைத் தொடாதே என்று
கையேட்டில் மூன்று இடத்தில் அச்சடித்திருந்தது.
அணைத்த பிறகும் வெகுநேரம் உள்ளே வைத்திருக்குமாம்.
பதினாறு வருடக் குடும்பஸ்தனுக்கு
ஒரு தடவை சொன்னால் போதும்.

நான்காவது சனிக்கிழமை, இரவு பதினொன்றே முக்கால்.
விசையைப் போட்டேன். வெடிக்கவில்லை.
ஹெட்ஃபோனில் தம்பூரா.
அப்பா, என்ன சுருதி!
கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு
அடுத்த பாட்டுக்குப் போகலாம் என்று பார்த்தால்
நான் இன்னும் பாட்டையே போடவில்லை.

இரைச்சல். நிலக் கம்பியைப் பார் என்றது கையேடு.
பதினோராம் மாடியில் உட்கார்ந்துகொண்டு
பூமியைத் தேடினேன்.
இழுத்து முறுக்கிய திருகுதான், ஆனால்
அடியில் பெட்டியின் வண்ணப்பூச்சு.
எல்லாவற்றையும் பிடுங்கி, காத்திருந்து, சுரண்டினேன்
தகரம் பளிச்சென்று தெரியும் வரை.

மறுபடி போட்டபோது ஒன்றுமே கேட்கவில்லை.
செத்துவிட்டது என்று நினைத்தேன்.
பிறகு பாடகி தொண்டையைச் செருமினாள்.
பத்து வருடமாகக் கேட்கிற பதிவு.
அன்றைக்கு அவளுக்குச் சளி என்று
யாரும் என்னிடம் சொன்னதில்லை.

கோமளா தண்ணீர் குடிக்க வந்தாள்.
நான் கூடத்து விளக்கை அணைத்திருந்தேன்.
வால்வுகளின் உள்ளே
ஒரு இழை அளவுக்கு ஏதோ எரிந்துகொண்டிருந்தது.
என்ன நிறம் என்றேன்.
என்ன நிறம்னா?
இல்லை, நீ சொல்லேன்.
குவளையைக் கீழே வைத்தாள்.
ஆரஞ்சு என்றாள், ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு.
பிறகு வால்வை விட்டுவிட்டு
என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
ஒரு பாட்டு முழுக்க.

அப்ப அந்தக் கூறைப்புடவை?

நல்லா இருந்துச்சு என்றேன்.
விசையை அணைத்துவிட்டு,
அணைத்த பிறகும் உள்ளே இருக்கும் என்பது நினைவுக்கு வர,
கையைக் கொஞ்சம் தள்ளியே வைத்துக்கொண்டேன்.