பன்னிரண்டாம் பாடம்: ஆஸ்பத்திரியில்

கொரியா சோதினைக்கு அண்ணா வாங்கின புத்தகம்
ரெண்டுதரம் பெயில்விட்ட பிறகு
அரிசிவாளிக்கு மேல கிடந்தது.
அதிலதான் நான் எழுத்துக் கூட்டினது.
வட்டம் முன்னுக்கு வந்தால் சத்தமில்லை,
அடியில வந்தால் ங்.

ஆறு பேர் ஆடுற குழு. எனக்கு ஸொரின்.
இடப்பக்கம் கடைசியில நிக்கிறவள்.
ஒரு பாட்டில பதினொரு செக்கன்தான் குடுப்பினம்.
விசுவமடுவில பஸ் ஏறி
பரந்தன் சந்தி வெளிக்கும்வரைக்கும்
அந்தப் பதினொரு செக்கனையே பார்ப்பன்.
பிறகு அறிவியல்நகர், கார்ட் வாசல்,
போனை வாங்கி லொக்கரில பூட்டுவினம்.

மாசியில ஆரோ அவளைப் படம்பிடிச்சிட்டாங்கள்.
ஒரு கார். பக்கத்தில ஒருத்தன்.
கண்ணாடி பூட்டியிருந்தது. அவ்வளவுதான்.

அடுத்தநாள் கையால எழுதின கடிதம்.
வெள்ளைத்தாள், கோடு போட்ட மாதிரி எழுத்து,
முதல் சொல்லே ஜுவேசொங்ஹம்னிதா.
அது எனக்குத் தெரியும். நாலாம் பாடம்:
வேலைக்குப் பிந்தி வந்ததற்கு
மன்னிக்கவேண்டும், முதலாளி.

முதல் அழுதன். பிறகு கோவம் வந்தது.
ஓவர்டைம் காசில கொழும்பால எடுப்பிச்ச படம்
போன் கவருக்குள்ள சிரிச்சுக்கொண்டே இருந்தது.
ஏழாம் பாடத்தைப் பிரிச்சன்.
ஒரு வசனத்தைப் பார்த்து, கவனமா எழுதி, அனுப்பினன்:
நீங்கள் ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள்.
நாலாயிரம் பேர் விரும்பினவை.
அண்ணாட்டைக் காட்ட
இலக்கணம் சரி எண்டான்.

சித்திரைக்குள்ள அவளைக் குழுவால எடுத்தாச்சு.
அதுக்குப் பிறகுதான் மற்றக் கதையள் வெளிய வந்தது.
ஏழு வருசம் தின்ற சோறு, படுத்த கட்டில்,
ஆடிப்பழகித் தேஞ்ச சப்பாத்து,
கண்மடல் வெட்டின டொக்டர் காசு
எல்லாம் அவள்பேரில கடனாம்.
உழைச்சது முழுக்க வட்டிக்கே போனதாம்.
எனக்கு அம்மாவின்ர புதன்கிழமை ஞாபகம் வந்தது,
படலையடியில மோட்டச்சைக்கிள் நிக்கிற சத்தம்.
விடிய விடிய நிறுத்து, நிறையைச் சுவரில ஒட்டுவினமாம்.
எங்கட லைனிலயும் ஒட்டுறவை:
மணிக்கு எண்பது கொலர்,
குறைஞ்சால் பேருக்கு நேர சிவப்பு.

சின்னம்மா லீவில வந்திருந்தா.
முகமாலையில மிதிவெடி கிண்டுற வேலை.
சாப்பிட்டபடி என்ர போனை எட்டிப்பார்த்தா.

எத்தின வயசில கொண்டுபோனவங்கள்?
பதின்மூண்டு.
தலைமயிர்?
கம்பெனிதான் சொல்லும், வெட்டுறதோ வளர்க்கிறதோ.
வீட்டுக்கு விடுறவங்களோ?
வருசத்தில ரெண்டுநாள்.
இது அவளின்ர சொந்தப் பேரோ?
இல்லை. அவையள் வைச்சது.

சின்னம்மா சோற்றைப் பிசைஞ்சுகொண்டே இருந்தா.
அவவுக்கும் ரெண்டு பேர்.
ஒண்டை இந்த வீட்டில ஒருத்தரும் கூப்பிடுறேல்லை.

அப்ப அவளின்ர பேர் என்ன?

நாலு வருசமாப் பார்க்கிறன்.
பிறந்தநாள் தெரியும், இரத்தவகை தெரியும்,
எந்தப் பக்கப் பல்லு மிதப்பு எண்டு தெரியும்.
தெரியாது சின்னம்மா எண்டன்.
அவ கோப்பையைக் கழுவப் போனா.

இரவு என்ர வசனத்தை அழிச்சன்.
என்ரது போச்சு.
ஆரோ படமெடுத்து வைச்சது
இன்னும் ஓடித் திரியுது, கீழ என்ர பேரோட.

புத்தகத்தில தேடினன். முதலாளிக்குச் சொல்ல நிறைய இருக்கு,
பொலிசுக்குச் சொல்ல இருக்கு, சம்பளச் சீட்டு வாசிக்க இருக்கு.
மனுசருக்குச் சொல்ல
பன்னிரண்டாம் பாடத்தில ஒரு வரிதான் கிடைச்சுது:
ஓதிகா ஆப்பாயோ?
எங்க நோகுது?
ஆப்பாயோ எண்டு எழுத்துக் கூட்டேக்க
முகமாலை ரோட்டில மண்டையோடு போட்ட
சிவப்புப் பலகை கண்ணுக்குள்ள வந்தது.
அதில எழுதியிருக்கிறதும் கிட்டத்தட்ட இதுதான்.

எழுதிவைச்சிருக்கிறன். அனுப்பேல்லை.
மேல பேர் போட்டுத் தொடங்கவேணும்,
அதில நிக்கிறன்.
வெளிய அஞ்சேகால் பஸ்
கோர்ன் அடிக்குது.