திருப்தி

ஜாலான் டூத்தா நீதிமன்றம்.
என் வேலை மொழிபெயர்ப்பு.
ஒரு சொல்லைக் கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன் என்று
சத்தியம் செய்துவிட்டு
பத்தொன்பது வருஷமாகச் சம்பளம் வாங்குகிறேன்.

இன்று என் பக்கத்தில் நிற்பவர் தணிகைமணி,
செந்தூல்காரர், லோரி ஓட்டுகிறவர்.
இடுப்பில் பெல்ட் இல்லை,
லாக்கப்பில் வாங்கி வைத்துக்கொண்டார்களாம்.
ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்தபடி
நீதிபதியைக் கும்பிடப் பார்க்கிறார்.
ஒற்றைக் கையால் கும்பிட முடியாது.

ஆணை ஒரே ஒரு பக்கம்.
அச்சடித்த படிவம். பெயருக்கு மட்டும் புள்ளிக்கோடு.
அமைச்சர் 'புவாஸ் ஹாத்தி' அடைந்திருப்பதால்
இரண்டு வருஷம்.

அதை அவருக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும்,
சொன்னேன் என்று கையெழுத்தும் போட வேண்டும்.
"அமைச்சருக்குத் திருப்தி" என்றேன்.
விழித்தார்.
பந்தியில் கேட்கிற சொல் அது,
இலையில் பாயசம் ஊற்றிய பிறகு.
"எதுலங்க திருப்தி?"
அது ஆணையில் இல்லை.
இல்லாததைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை.

அரசு வழக்கறிஞர் எழுந்தார். குரலை உயர்த்தவே இல்லை.
அமைச்சரின் திருப்தி அமைச்சரின் உள்ளத்தில் இருப்பது,
அங்கே எட்டிப் பார்க்கச் சட்டம் ஜன்னல் வைக்கவில்லை
என்றார்.
நான் அதையும் மொழிபெயர்த்தேன்.
ஜன்னல் என்றதும் தணிகைமணி
அறையைச் சுற்றி ஒரு தரம் பார்த்தார்.

கோப்பில் இல்லாததை நீதிபதி பேச முடியாது.
கடிகாரத்தைத் தாண்டிக் காவலர் இவரை வைத்திருக்க முடியாது,
அதனால்தான் இந்த ஆணையே தேவைப்பட்டது.
எனக்கு என் சத்தியம்.
நாலாவது மாடிவரை வந்த எல்லோர் காலிலும்
ஏதோ ஒரு கயிறு.
கையெழுத்து மட்டும் காலில்லாமல் வந்திருக்கிறது.

அன்றைக்கு அவரைக் காப்பாற்றியது ஒரு தேதி.
போலீஸ் அறிக்கை பதினொன்று.
அமைச்சர் கையெழுத்து ஒன்பது.
அறிக்கை வருவதற்கு இரண்டு நாள் முன்பே
திருப்தி வந்துவிட்டிருக்கிறது.
நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
விடுதலை என்றார்.
அவரும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

வெளி வராந்தாவில் அமிர்தவல்லி
பையிலிருந்து புது பெல்ட்டை எடுத்துக் கொடுத்தார்.
சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று போட்டுக்கொண்டார்.
பிறகு இரண்டு கையாலும்
கண்ணில் பட்டவர்களை எல்லாம் கும்பிட்டார்,
லிஃப்ட்காரரைக்கூட.

கீழே, கார் நிறுத்துமிடத்தில்,
புது ஆணை காத்திருந்தது.
இம்முறை தேதி சரி.
மேலிருந்து பார்த்தேன்.
அவருக்கு என்ன சொன்னார்கள், எந்த மொழியில் சொன்னார்கள்,
தெரியாது.
பெல்ட்டைச் சுருட்டி
அமிர்தவல்லி கையில் கொடுத்தது தெரிந்தது.

ஆட்கொணர்வு மனு என்கிறோம்.
ஆளைக் கொண்டுவா என்றால் கொண்டுவருகிறார்கள்.
கொண்டுபோவது யார் என்று
மனுவின் பெயரில் இல்லை.

மூன்று வாரம் கழித்து மறுபடி அதே அறை.
அதே கால்சட்டை, அதே கை.
நான் அதே சொல்லைச் சொல்லத் தயாராக இருந்தேன்.
வேறு சொல் தேடியிருக்கலாம், ராத்திரியெல்லாம் தேடினேன்.
மனநிறைவு, உளநிறைவு,
எல்லாமே சாப்பிட்டு எழுந்தவன் சொற்கள்.

அரசு வழக்கறிஞர் ஜன்னல்வரை வந்தபோது
நீதிபதி கையை உயர்த்தினார்.
"திருப்தி இருக்கட்டும்.
எதைப் பார்த்துத் திருப்தி? அதைக் கொண்டுவாருங்கள்."

தணிகைமணி என் பக்கம் சாய்ந்தார்.
"என்னக்கா கேட்டாங்க?"
சொன்னேன், கூட்டாமல், குறைக்காமல்.

"இதைத்தானே நான் அன்னைக்கே கேட்டேன்" என்றார்.

கேட்டார்தான்.
அவர் கேட்டது என் காதோடு போயிற்று.
இது பதிவில் ஏறுகிறது.

அரசு வழக்கறிஞர் பக்கங்களைப் புரட்டினார்,
முன்னால், பின்னால், மறுபடி முன்னால்.
கடைசி வரிசையில் அமிர்தவல்லி
மடியில் இருந்த பையை
இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தார்.